வெள்ளைக்காரர் ஆட்சியில் துப்பறிதல்: வரலாற்றுத் துப்பறியும் கதைக்கு ஓர் அறிமுகம்

பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவைக் களமாகக் கொண்ட துப்பறியும் நாவல்களை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள், அவற்றை ஜட்கா வண்டியும் மண்ணெண்ணெய் விளக்கும் சேர்த்து எழுதப்பட்ட வழக்கமான கொலைக்கதைகளாகவே படிக்கத் தொடங்குகிறார்கள். அப்படிப் படித்தாலும் சுவைக்குக் குறைவில்லை. ஆயினும் இக்கதைகளின் முக்கியமான முடிச்சுகள் அக்காலத்துச் சட்டத்திலிருந்தும், காவல்துறையின் அமைப்பிலிருந்தும், ஆளுபவருக்கும் ஆளப்படுபவருக்கும் இடையே இருந்த நிற வேறுபாட்டிலிருந்தும் பிறப்பவை என்பதால், அவற்றைப் பற்றிய அடிப்படை அறிவு இருந்தால் கதை இன்னும் ஆழமாகப் புரியும். அந்த அடிப்படையைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். காலனிய காலத்தில் எழுதப்பட்ட துப்பறியும் கதை வேறு; காலனிய காலத்தைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதப்படும் துப்பறியும் கதை வேறு. நடேச சாஸ்திரி 1894இல் தானவன் என்ற போலீஸ் நிபுணனைத் தமிழில் படைத்தபோதும், சரதிந்து பந்தோபாத்யாய் 1932இல் வியோம்கேஷ் பக்ஷியை வங்காளத்தில் அறிமுகப்படுத்தியபோதும், அவர்கள் தங்கள் சொந்தக் காலத்தைத்தான் எழுதினார்கள். வாசகருக்கும் ஆசிரியருக்கும் பொதுவான அன்றாட உலகம் அது. கலெக்டர் யார், தலையாரி யார் என்று விளக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. வரலாற்றுத் துப்பறியும் கதையை எழுதுபவரோ தாம் வாழாத காலத்தை ஆவணங்களிலிருந்து மீட்டெடுக்கிறார். அதோடு, கதாபாத்திரங்களுக்குத் தெரியாத ஒன்று, அதாவது அந்த ஆட்சி 1947இல் முடியப்போகிறது என்பது, அவருக்கும் வாசகருக்கும் தெரியும். 1919ஆம் ஆண்டுக் கதையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி 'இன்னும் நூறாண்டு இங்கே இருப்போம்' என்று சொல்லும்போது வாசகர் தமக்குள் சிரித்துக்கொள்வது இதனால்தான்.

வழக்கமான துப்பறியும் கதையின் அமைப்பு எளிமையானது. ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் ஊரில் கொலை விழுகிறது. ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம் எழுகிறது. துப்பறிபவர் கொலையாளியைச் சுட்டிக்காட்டியதும் ஊர் பழைய நிலைக்குத் திரும்புகிறது. சட்டமும் நீதிமன்றமும் பொதுவாக நியாயத்தின் பக்கம் நிற்பவை என்ற நம்பிக்கை இந்த அமைப்புக்கு அடியில் இருக்கிறது. அந்நியர் ஆட்சியில் அந்த நம்பிக்கையை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. திரும்ப வேண்டிய ஒழுங்கே கேள்விக்குரியதாக இருக்கும்போது, கொலையாளியைப் பிடிப்பதால் மட்டும் கதை முடிந்துவிடுவதில்லை. ஆகவே இவ்வகைக் கதையில் இரண்டு கேள்விகள் சேர்ந்தே ஓடுகின்றன. யார் செய்தது என்பது முதல் கேள்வி. யார் என்று தெரிந்த பிறகு, இந்தச் சட்டத்தையும் இந்த அதிகாரிகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நாவல்கள், என் பார்வையில், காலத்தை வெறும் திரைச்சீலையாகப் பயன்படுத்துபவை.

இரண்டாவது கேள்வி எப்படிக் கதையாகிறது என்பதைப் பார்க்க, சாட்சியச் சட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது. அதற்குப் பின்னணியாக 1855ஆம் ஆண்டைக் குறிப்பிட வேண்டும். சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் அரசின் கீழ்நிலைப் பணியாளர்கள் செய்துவந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் அந்த ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. விரல்களைக் கட்டைகளுக்கு இடையே வைத்து நெரிக்கும் கிட்டியும், ஆளை வளைத்துக் கட்டி நெடுநேரம் அப்படியே விட்டுவைக்கும் அண்ணாந்தாளும் அந்த அறிக்கையில் தமிழ்ப் பெயர்களோடே இடம்பெற்றன. அப்போது வருவாய்த் துறைப் பணியாளர்களே காவல் வேலையையும் பார்த்தார்கள். இரண்டையும் பிரித்துத் தனிக் காவல்துறையை அமைக்கும் சட்டம் சென்னையில் 1859இல் வந்தது. நாட்டின் பிற பகுதிகளுக்கான காவல்துறைச் சட்டம் 1861இல் வந்தது.

அடித்து வாங்கும் வாக்குமூலத்தின் மேல் ஏற்பட்ட இந்த அவநம்பிக்கை, 1861ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, பிறகு 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் மூன்று பிரிவுகளில் நிலைபெற்றது. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்றது 25ஆம் பிரிவு. காவலில் இருக்கும்போது கொடுத்த வாக்குமூலம், மாஜிஸ்திரேட்டின் நேர் முன்னிலையில் கொடுக்கப்பட்டாலன்றிச் செல்லாது என்றது 26ஆம் பிரிவு. 27ஆம் பிரிவு இவற்றுக்கு விதிவிலக்காக இருந்தது: காவலில் இருப்பவர் தந்த தகவலால் ஒரு பொருளோ செய்தியோ கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் நிரூபிக்கலாம்.

இந்தப் பிரிவுகள் வறண்ட சட்டமாகத் தோன்றலாம். ஆனால் துப்பறியும் கதைக்கு இவற்றைப் போன்ற கொடை வேறில்லை. சென்னை மாகாணத்தின் குண்டூர் மாவட்டத்திலிருந்து, அன்றைய இந்தியாவின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற புலுக்குரி கோட்டய்யா வழக்கில், கைதான ஒருவர் தம் கூட்டத்தார் குளத்தின் மூலையில் பதுங்கியிருந்து எதிரிகளை அடித்துக் கொன்றதையும், பிறகு ஈட்டியை ஒரு வைக்கோற்போரில் ஒளித்து வைத்ததையும், வந்தால் காட்டுவதாகவும் காவலரிடம் சொல்லியிருந்தார். ஒளித்து வைத்ததும் காட்டுவதாகச் சொன்னதும் சாட்சியமாகலாம், கொன்றதாகச் சொன்ன பகுதி ஆகாது என்பது பிரிவி கவுன்சிலின் முடிவு. கொலையாளியின் வாயிலிருந்தே உண்மை வந்தாலும், நீதிபதியின் காதுக்குப் போய்ச் சேருவது வைக்கோற்போர் மட்டுமே. நேர்மையான துப்பறிவாளர் ஒருவரை இந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால், அவர் அடுத்து என்ன செய்வார் என்பதே ஒரு நாவலுக்குப் போதுமான சிக்கல். இதன் மறுபக்கமும் உண்டு. பொருள் கிடைத்தால்தான் வாக்குமூலம் பயன்படும் என்பதால், பொருளை முன்கூட்டியே ஓரிடத்தில் புதைத்துவிட்டு, கைதி காட்டியதாக மகஜர் (பொருளைக் கைப்பற்றியதற்கான சாட்சிப் பத்திரம்) எழுதி, ஊர்ப் பெரியவர் இருவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளும் காவலர் கதைக்குள் தாமாகவே வந்துசேர்கிறார். காலனிய காலக் கதை ஒன்றில் கிணற்றிலிருந்து கத்தி எடுக்கப்படும்போது, அதை யார், எப்போது போட்டது என்று அனுபவமுள்ள வாசகர் கேட்பது இதனால்தான்.

அடுத்தது நிற வேறுபாடு. கொலை செய்தவர் வெள்ளைக்காரராக இருந்தால் அவரை எந்த நீதிபதி விசாரிக்கலாம் என்பதே நெடுங்காலம் தனிச் சட்டச் சிக்கலாக இருந்தது. மாகாணத் தலைநகரங்களுக்கு வெளியே இந்திய மாஜிஸ்திரேட்டுகள் ஐரோப்பிய பிரிட்டிஷ் குடிமக்களை விசாரிக்க முடியாதிருந்த நிலையை மாற்ற, ரிப்பன் பிரபுவின் ஆட்சியில் 1883இல் இல்பர்ட் மசோதா கொண்டுவரப்பட்டது. தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் எழுப்பிய எதிர்ப்பில் மசோதா நீர்த்துப்போயிற்று. குறைந்தது பாதிப்பேர் ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்கும் ஜூரியை, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவை, கோரும் உரிமை குற்றம் சாட்டப்பட்ட வெள்ளைக்காரருக்கு உண்டு என்ற சமரசத்தோடு அது 1884இல் சட்டமானது. இந்தப் பாகுபாட்டின் பெரும்பகுதி 1923இல்தான் நீக்கப்பட்டது. ஆகவே 1890களில் நடக்கும் கதையில் துப்பறிவாளர் தேயிலைத் தோட்ட மேலாளரைக் கையும் களவுமாகப் பிடித்தாலும், அவருடைய வேலை அத்தோடு முடிவதில்லை.

இதை வெறும் கோட்பாடாக விட்டுவிடக் கூடாது. 1876இல் ஆக்ராவில் புல்லர் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர், வண்டி தாமதமானதற்காகத் தம் குதிரைக்காரரை அடித்தார், அவர் இறந்துபோனார். பிரேத பரிசோதனையில் மண்ணீரல் கிழிந்திருந்தது தெரிந்தது. நீதிபதி விதித்த தண்டனை முப்பது ரூபாய் அபராதம். அந்தத் தண்டனை மிகக் குறைவு என்று வைஸ்ராய் லிட்டன் பிரபுவே வெளிப்படையாகக் கண்டித்ததும், அதற்காக ஆங்கிலேயர் பலர் அவர்மேல் சினங்கொண்டதும் வரலாறு. மலேரியாவால் இந்தியருக்கு மண்ணீரல் பெருத்திருக்கும், லேசாகப் பட்டாலும் கிழிந்துவிடும் என்ற வாதம் இத்தகைய வழக்குகளில் மீண்டும் மீண்டும் வந்தது. இங்கே கொலையாளி யார் என்ற மர்மமே இல்லை, எல்லோரும் பார்த்தார்கள். மருத்துவரின் அறிக்கையில் எந்தச் சொல் இடம்பெறுகிறது, அதை அவர் யாருடைய நெருக்கடியில் எழுதினார் என்பதுதான் துப்பறிய வேண்டிய விஷயமாகிறது. பிரேத பரிசோதனை அறை இவ்வகைக் கதைகளில் ஏன் அடிக்கடி வருகிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

குற்றவியல் அறிவியலின் வரலாறும் இந்த மண்ணோடு நெருங்கிய தொடர்புடையது. சென்னையில் 1849இலேயே அரசு இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் அமைந்துவிட்டது. நஞ்சு வைத்த ஐயம் எழுந்தால் இறந்தவரின் உள்ளுறுப்புகளை முத்திரையிட்டு அங்கே அனுப்புவார்கள். வெள்ளைப் பாஷாணமும் ஊமத்தையும் அரளியும் கதைகளில் வருவதற்குக் காரணம், அவை அக்காலத்து நஞ்சு வழக்குகளில் உண்மையாகவே அதிகமாக வந்தவை என்பதுதான்.

கைரேகையின் கதை இதைவிடச் சுவையானது. உலகின் முதல் கைரேகைப் பணியகங்களில் ஒன்று 1897இல் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் அது 1901இல்தான் வந்தது. ஹென்றி முறை என்று பெயர் பெற்ற வகைப்பாட்டை உருவாக்கியதில் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியத் துணை ஆய்வாளர்களின் பங்கு பெரியது என்றாலும், பெயர் மட்டும் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்குப் போனது. அந்தப் பணியகம் தொடங்கிய காலத்திலேயே வங்காளத்தின் ஜல்பைகுரி மாவட்டத்துத் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொல்லப்பட்டுக் கிடந்தார்; பணமும் களவு போயிருந்தது. அங்கிருந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றின் அட்டையில் பழுப்பு நிறக் கறை இருந்தது. ஒரு கறையில் வலது கட்டைவிரலின் பதிவு தெளிவாகத் தெரிந்தது. அதே மேலாளரிடம் முன்பு திருடித் தண்டனை பெற்ற பணியாளர் ஒருவரின் ரேகையோடு அது பொருந்தியது. 1898இல் தீர்ப்பு வந்தபோது நீதிமன்றம் அவரைத் திருட்டுக்காகத் தண்டித்தது. கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அவர் அந்த அறையில் இருந்தார் என்பதை ரேகை காட்டியதே தவிர, கொன்றவர் அவர்தான் என்பதை அதனால் காட்ட முடியவில்லை. அடுத்த ஆண்டே சாட்சியச் சட்டத்தைத் திருத்தி, கைரேகை வல்லுநரின் கருத்தையும் ஏற்கச் செய்தார்கள்.

துப்பறிவாளரின் பெருமைக்குரிய அதே கருவி, நம் பக்கத்தில் வேறொரு பெயரால் அறியப்பட்டது. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டபோது, முழுச் சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பட்டியலிட்டு, ஆண்களின் ரேகைகளைப் பதிவு செய்தார்கள். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, அந்தப் பதிவை எதிர்த்து நின்ற மக்கள்மேல் காவலர் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். கைரேகையை வியந்து எழுதும் நாவல், இந்தப் பக்கத்தை ஒரு வரியிலாவது தொடாமல் விட்டால், ஏதோ மறைக்கப்பட்டதாகவே எனக்குப் படுகிறது.

இவ்வளவு கனமான விஷயங்களுக்கு நடுவே, கதை நுட்பத்துக்கு மட்டும் உதவும் இலகுவான செய்திகளும் உண்டு. இந்திய நேரம் 1906இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பம்பாய்க்குத் தனி நேரம், கல்கத்தாவுக்குத் தனி நேரம், சென்னைக்குத் தனி நேரம். ரயில்வே சென்னை நேரத்தில் ஓடியது. பம்பாய் நேரத்தைவிடச் சென்னை நேரம் அரைமணி முன்னே இருக்கும். பம்பாய்ப் பங்களா ஒன்றில் சுவர்க் கடிகாரம் ஒன்பது அடித்தபோது கொலை நடந்தது என்று வைத்துக்கொள்வோம். ஐயத்துக்குரியவர் ஒன்பதேகால் மணி ரயிலில் ஏறியது உறுதி. ஸ்டேஷனுக்குப் போகப் பதினைந்து நிமிடம் போதும் என்று வெளியூர் அதிகாரி அவரைக் கைது செய்கிறார். ஆனால் ரயில்வேயின் ஒன்பதேகால், பம்பாய்க்காரர்களின் எட்டே முக்கால். கொலை நடந்தபோது அவர் பெட்டியில் உட்கார்ந்து கால்மணி நேரம் ஆகிவிட்டது. காலத்தைக் கற்று எழுதிய ஆசிரியரையும் கற்காமல் எழுதியவரையும் பிரித்தறிய இத்தகைய இடங்களே போதும்.

ஆட்சி எல்லையும் அப்படித்தான். கடலூரிலிருந்து புறப்பட்டுப் பிரெஞ்சுப் புதுச்சேரிக்குள் நுழைந்தவரை ஆங்கிலேயக் காவலர் நினைத்த மாத்திரத்தில் கைது செய்ய முடியாது. 1908இல் அங்கே போன பாரதியார் பத்தாண்டு தங்கியதும், அவரைச் சுற்றி பிரிட்டிஷ் ஒற்றர்கள் உலவியதும் நாம் அறிந்தவை. மைசூர் சமஸ்தானத்துக்குள் இருந்த பெங்களூர் தண்டுப் பகுதி (கண்டோன்மென்ட்) பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்ததால், ஒரே ஊரில் தெருவைக் கடந்தால் காவல்துறை மாறும்.

துப்பறிபவர் யாராக இருக்கலாம்? பெரும்பாலும் ஓர் ஆங்கிலேய அதிகாரியும் அவருக்குக் கீழே ஓர் இந்தியரும் இணையாக வருவார்கள். ஆபீர் முகர்ஜி 1919ஆம் ஆண்டுக் கல்கத்தாவில் தொடங்கும் தம் நாவல் வரிசையில் இந்த அமைப்பையே எடுத்துக்கொண்டார். பிரையன் ஸ்டோடார்ட் 1920களின் சென்னையை எழுதினார். இந்த இணையில் எனக்குச் சுவையாகத் தோன்றுபவர் இந்தியத் துணை அதிகாரிதான். வீட்டில் தம்பி ஒத்துழையாமை இயக்கத்தில் இருப்பான். அலுவலகத்தில் மேலதிகாரி அவர் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லமாட்டார். சாட்சிகள் அவரிடம் பேசுவார்கள், ஆனால் நம்பமாட்டார்கள். மூன்றாவது வகை, காவல்துறைக்கு வெளியே இருக்கும் பெண். சுஜாதா மாசி 1921ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு பார்சிப் பெண் வழக்கறிஞரைத் துப்பறிய வைத்தார். கோஷாப் பெண்கள் வாழும் அந்தப்புரத்துக்குள் ஆண் அதிகாரி நுழைய முடியாது என்ற ஒரே காரணத்தால், அவருடைய பாத்திரத்துக்குத் தேவை பிறக்கிறது. பெண்கள் வழக்கறிஞராகப் பணியாற்றத் தடையில்லை என்ற சட்டம் 1923இல்தான் வந்தது என்பதால், அதற்கு முன்பு நடக்கும் கதையில் அப்பெண் நீதிமன்றத்தில் எழுந்து வாதாடக் கூடாது, ஆவணங்களை ஆய்ந்து உதவத்தான் முடியும்.

இந்த நாவல்களில் பலவும் 1919க்கும் 1922க்கும் இடையே குவிவது தற்செயலல்ல. ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக் படுகொலையும் 1919இல். ஒத்துழையாமை இயக்கம் 1920இல். அரசின் மேல் நம்பிக்கை போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் அரசின் பெயரால் உண்மையைத் தேடும் ஒருவரை நிறுத்தினால், ஒவ்வொரு காட்சியிலும் இழுபறி தானே வந்துவிடுகிறது.

காலப் பிழைகளில் சில அடிக்கடி கண்ணில் படுகின்றன. 1880களின் கிராமக் காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் அமர்ந்திருப்பார். உண்மையில் சென்னை மாகாணத்தில் நிலையங்களை ஏட்டுகளே பார்த்துவந்தார்கள், 1902–03ஆம் ஆண்டுக் காவல்துறை ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகே அந்த நிலை மாறியது. சென்னைச் சி.ஐ.டி. பிரிவு 1906இல் பிறந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை என்பது மாறி நூறு காசு ஆனது 1957இல். இவற்றைவிட மோசமானது மனப்பாங்கில் செய்யும் பிழை. 1910ஆம் ஆண்டின் ஆங்கிலேய நாயகனுக்கு இன்றைய வாசகரின் கருத்துகளை எல்லாம் கொடுத்து, அவரைச் சுற்றியுள்ள எல்லோரையும் கொடியவர்களாக்கிவிட்டால், அக்காலத்தில் நல்லவர்களும் ஏன் அந்த அமைப்புக்கு உழைத்தார்கள் என்ற கடினமான கேள்வியிலிருந்து ஆசிரியர் தப்பித்துக்கொள்கிறார்.

அரசியல் கொலை என்று வரும்போது இந்த வகை தலைகீழாகிவிடுகிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தம்மையும் சுட்டுக்கொண்டார். கொன்றது யார் என்பதில் ஐயமில்லை. பின்னால் இருந்தவர்கள் யார் என்பதையே காவல்துறை தேடியது. கடிதங்களைப் பிரித்துப் படித்து, உறவினரை மிரட்டி, சிலரை அப்ரூவராக்கி (உடந்தையாக இருந்தவரையே அரசுத் தரப்புச் சாட்சியாக்கி) செய்யப்படும் அந்தத் தேடலை நாவலாக எழுதினால், தமிழ் வாசகரின் மனம் துப்பறிபவரின் பக்கம் நிற்காது. ஒவ்வொரு தடயம் கிடைக்கும்போதும் அது தொலைந்துபோகாதா என்று ஏங்கும்.

மர்மமும் வழக்கும் ஒருங்கே அமைந்த களம் வேண்டுமென்றால் லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பார்க்கலாம். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரிப் பக்கத்தில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகி, ஜூரி விசாரணையில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். சாட்சிகளை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத லண்டன் பிரிவி கவுன்சில், காகிதங்களை மட்டும் படித்து, வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொன்னது. 1947இல் இருவரும் விடுதலையானார்கள். இப்படிப்பட்ட கதையை வாசிக்கும்போது துப்பறிபவர் எதைக் கண்டுபிடிக்கிறார் என்பதோடு, அதில் எவ்வளவு ஜூரியின் காதுக்கு எட்டுகிறது, எவ்வளவு கடல் தாண்டிப் போகும் காகிதத்தில் ஏறுகிறது என்பதையும் தனியே குறித்துக்கொண்டு படிப்பது, புதிய வாசகருக்கு நல்ல தொடக்கமாக இருக்கும்.